படுத்த வண்டியைத் தனியாகத் தூக்க முடியுமா? கரட்டுப் பாதைக்கு இரண்டாவது பைக் வாங்குகிறவர்களுக்கு

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் நண்பர் ஒருவரின் புளியந்தோப்பை ஒட்டி ஓர் ஓடை போகிறது. வெயில் காலத்தில் சொட்டுத் தண்ணீர் இருக்காது, தலையணை அளவு உருண்டைக் கற்கள்தான் கிடக்கும். என் முதல் வண்டி அங்கேதான் படுத்தது. 200 கிலோவுக்கு ஒன்றிரண்டு கிலோதான் குறைவு. நான்கு முறை முக்கிப் பார்த்தேன். பாதி தூக்கியதும் காலுக்கடியில் கல் உருண்டுவிடும், வண்டி மறுபடி படுத்துக்கொள்ளும். டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் கசிந்து கல்லெல்லாம் நாற்றம்.

அப்போது டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு பெரியவர் வந்தார். முன்னால் ஒரு தீவன மூட்டை, பின்னால் ஒன்று. இரண்டு காலையும் தொங்கப் போட்டு, கல்லுக்குக் கல் தத்தித் தத்தி அதே ஓடையைக் கடந்தார். கரையேறி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

“என்னப்பா, வண்டி படுத்துக்கிச்சா?”

“ஆமாங்க ஐயா.”

“எத்தன கிலோ வரும்?”

“எரநூறு கிட்டங்க.”

“எருமகூட அதவிட கனம்தான். ஆனா அது படுத்தா தானா எந்திரிச்சுக்கும்.”

இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்தினோம். அடுத்த மாதமே இரண்டாவது வண்டி தேட ஆரம்பித்தேன். அப்போது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதும், தெரியாமல் போய்ப் பணத்தை விட்டதும் கீழே.

முதலில் கையிலிருக்கும் வண்டியை விசாரியுங்கள்

நான் சொல்லும் கரட்டுப் பாதை, ஆங்கிலத்தில் டெக்னிக்கல் ட்ரெயில், வேகப் பாதை இல்லை. படிக்கட்டு மாதிரி ஏறும் பாறை, சரளை கொட்டிய சரிவு, மழைநீர் அரித்த பள்ளம், ஒத்தையடிப் பாதையில் வேரைத் தாண்டித் திரும்பும் இடம். நடக்கிற வேகத்துக்கு மேல் பெரும்பாலும் போக மாட்டீர்கள். சக்கரத்தை எந்தக் கல்லில் வைக்கிறோம் என்பதுதான் ஆட்டமே.

புது வண்டியின் விலை கேட்பதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டியையே எடுத்துப் போங்கள். திரும்பி வந்ததும் எங்கே விழுந்தோம், ஏன் விழுந்தோம் என்று மட்டும் குறித்து வையுங்கள். ‘முன்சக்கரம் வழுக்கியது’ என்று திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி பெரும்பாலும் டயர். ரோட்டு டயரில், ரோட்டுக்கான காற்றோடு சரளையில் ஏறினால் எந்த வண்டியும் வழுக்கும். பட்டன் போல ரப்பர் கட்டைகள் துருத்திய டயர் மாற்றி, காற்றை 18 பிஎஸ்ஐ பக்கம் இறக்கி ஒருமுறை போய்ப் பாருங்கள். பாதிப் பேருக்கு வண்டி மாற்றும் ஆசை அங்கேயே தணிந்துவிடும். ‘எஞ்சின் நின்றுபோனது’ என்று இருந்தால் கியர் விகிதம். ‘கால் எட்டவில்லை’, ‘தூக்க முடியவில்லை’ என்று இருந்தால்தான் உண்மையாகவே வேறு வண்டி வேண்டும்.

என் குறிப்பின்படி பதினொரு முறை விழுந்திருந்தேன். ஏழு, கால் எட்டாதது. மூன்று, கனம். ஒன்று, போன் அடித்ததால் கவனம் சிதறியது.

எடை: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

எங்கள் பக்கம் எல்லோரும் முதலில் கேட்பது ‘எத்தனை சிசி?’. நானும் அப்படித்தான் கேட்டேன். கரட்டில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. 1980இல் ஓசூர் ஆலையிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அதன் வழிவந்த எக்ஸ்எல் இன்றும் 90 கிலோவுக்குள்தான் இருக்கிறது. நூறு சிசிகூட முழுதாக இல்லை. ஆனால் மூட்டையோடு அது ஏறும் இடத்தில் நாற்பது குதிரைத்திறன் வண்டி மூச்சு வாங்குகிறது. காரணம் சின்னது: எக்ஸ்எல்காரரின் கால் எப்போதும் தரையில் இருக்கிறது, வண்டி சாய்ந்தால் அவரால் பிடித்து நிறுத்த முடிகிறது.

காடு மேடு தாண்டும் நெடுந்தூரப் போட்டிக்கென்றே செய்த எண்டியூரோ வண்டிகள் நூறு கிலோவை ஒட்டி நிற்கின்றன. பாறை ஏறும் ட்ரயல்ஸ் வண்டிகள் எழுபது கிலோ சுற்றுவட்டாரம். நம்பர் பிளேட் மாட்டி ரோட்டிலும் ஓட்ட வேண்டுமென்றால் அவ்வளவு இறங்க முடியாது. ஆனால் 160 கிலோவுக்கு மேல் போகாதீர்கள். 140 கிடைத்தால் இன்னும் நல்லது.

காகிதத்தில் எழுதிய எடையை நம்புவதைவிடத் தூக்கிப் பார்ப்பது மேல். நண்பரின் வண்டியையோ விற்பவரின் வண்டியையோ கேட்டு வாங்குங்கள். மண் தரையில் ஒரு பழைய சாக்கை விரித்து மெதுவாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். முதல் கியரில் இருக்கட்டும், அப்போதுதான் சக்கரம் உருளாது. வலப்பக்கம் படுத்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்து விடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். ஹேண்டிலை முழுதாகத் திருப்பி, தரையில் கிடக்கும் பிடியை டேங்க் பக்கம் கொண்டு வாருங்கள். சீட்டின் விளிம்பில் முதுகின் கீழ்ப்பகுதியைக் கொடுத்துக் குத்தவையுங்கள். ஒரு கை அந்தப் பிடியில், மறு கை பின்பக்கச் சட்டத்தில். முதுகால் இழுக்காமல் தொடையால் தள்ளி, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். வண்டி எழும்.

இதை மூன்று முறை அடுத்தடுத்துச் செய்யுங்கள். முதல் முறை எல்லோரும் தூக்கிவிடுவார்கள். மூன்றாவது முறை கை நடுங்கினால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. மதியம் ஒரு மணிக்கு, தண்ணீர் தீர்ந்த நிலையில், ஏழாவது முறை தூக்கப் போவது நீங்கள்தான்.

இன்னொன்று. 13 லிட்டர் டேங்கை நிரப்பினால் பெட்ரோல் மட்டும் ஒன்பது கிலோவுக்கு மேல், அதுவும் வண்டியின் உச்சியில். ட்ரெயிலுக்குப் பாதி டேங்க் போதும்.

கால், உட்காரும் உயரம், ஹேண்டில்

சமதளத்தில் இரண்டு குதிகாலும் பதிந்தால் போதும் என்று கடைக்காரர் சொல்வார். கரட்டில் சமதளம் ஏது? சரிவில் நின்றால் பள்ளத்துப் பக்கக் கால் இன்னும் அரை அடி தேடும். அதனால் வண்டியை ஒரு வரப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, பள்ளப் பக்கம் காலை ஊன்றிப் பாருங்கள். முன்பாதம் உறுதியாகப் பதிய வேண்டும்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி சாதாரண மாடலின் சீட் 825 மில்லிமீட்டர். அதே வண்டியின் ப்ரோ மாடல் 891. தரை இடைவெளி 220இலிருந்து 270 ஆகிறது, சஸ்பென்ஷன் நீள்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐந்தரை அடி ஆள் அதில் ஏறினால் நுனிக்காலில் நிற்பார். புதிதாக வருகிறவருக்குச் சாதாரண மாடலே போதும் என்பேன். அடியில் கல் இடித்தால் அதைத் தாங்க எஞ்சினுக்கு அடியில் மாட்டும் பேஷ் பிளேட் என்ற தகடு இருக்கிறது, இடித்த சத்தத்துக்குப் பயந்து உயரத்தை வாங்க வேண்டாம்.

நின்றுகொண்டு ஓட்டும்போது முதுகு வளையாமல் ஹேண்டில் கைக்கு வர வேண்டும். குனிந்தால் அரை மணியில் இடுப்பு சொல்லிவிடும். ஹேண்டில் எவ்வளவு திரும்புகிறது என்பதையும் பாருங்கள். மாந்தோப்பு வரிசைக்குள் ஒரே மூச்சில் யூ டர்ன் அடிக்க முடிகிற வண்டி, பின்னுக்குத் தள்ளித் தள்ளித் திருப்ப வேண்டிய வண்டியைவிட நாள் முழுக்கச் சக்தியை மிச்சம் பிடிக்கும்.

எஞ்சின்: மெதுவாகச் சுற்றும்போது இழுக்கிறதா?

ஒரு சோதனை போதும். லேசான மேட்டில் முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை முழுதாக விடுங்கள். பக்கத்தில் ஒருவர் நடக்கட்டும். அவரோடு கூடவே உதறாமல் போனால் நல்ல வண்டி. முன்னால் ஓடினாலோ உதறி நின்றாலோ கியர் நீளம், அதாவது மெதுவாகப் போக ஏற்றதில்லை. அந்த நீளத்தைக் கரட்டில் கிளட்சைத் தேய்த்துத்தான் சமாளிக்க வேண்டியிருக்கும், இரண்டு விரல் வலிக்கும், கிளட்ச் பிளேட் கருகும்.

இதற்காக வண்டியை ஒதுக்கிவிட வேண்டாம். முன்பக்க ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) 13 பல் இருந்தால் 12 ஆக்குங்கள். சக்கரத்துக்கு இழுவை எட்டு சதவீதம் கூடும், உச்ச வேகம் அதே கணக்கில் இறங்கும். பின்பக்கம் மாற்றி இதே பலனை அடைய வேண்டுமானால், 40 பல்லை 43க்கு மேல் கொண்டுபோக வேண்டும். செயினும் நீளம் போதாமல் போகலாம். முன்பக்கம் மாற்றுவது மலிவு, ஒரு மணி நேர வேலை.

டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்ற சண்டைக்கு நம் ஊரில் இடம் குறைவு. லேசான, நவீன டூ ஸ்ட்ரோக் எண்டியூரோ வண்டிகள் இறக்குமதிதான். பதிவு செய்ய முடியாது, விலையும் எட்டாது. பழைய டூ ஸ்ட்ரோக்கான யமஹா ஆர்எக்ஸ் 100 சுமார் நூறு கிலோதான், உண்மை. ஆனால் 1996இல் நிறுத்திய வண்டிக்கு இன்று கேட்கும் விலை கரட்டில் போட்டு உடைப்பதற்கான விலை இல்லை.

சக்கரம், முள், சஸ்பென்ஷன்

முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், கம்பிச் சக்கரம். இதற்கு மாற்றுப் பேச்சு வேண்டாம். பெரிய முன்சக்கரம் கல்லின் மேல் ஏறி உருளும், சின்னது முட்டி நிற்கும். அலாய் சக்கரம் பாறையில் அடிபட்டால் விரிசல் விடும். கம்பிச் சக்கரம் வளைந்தாலும் வீடு வந்து சேரலாம்.

நம் பக்கத்துச் சொத்து சீமைக்கருவேல முள். டியூப் டயர்தான் என்பதால் பஞ்சர் உறுதி. காற்றை இறக்கி ஓட்டும்போது டயர் ரிம்மில் நழுவி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடவும் கூடும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் போட்டால் நழுவாது. கனமான டியூப், இரண்டு டயர் லிவர், கைப்பம்பு, பேட்ச் இவை எல்லாம் பையில் இருக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் ஒருமுறையாவது பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகியிருக்கவும் வேண்டும்.

சஸ்பென்ஷன் விஷயத்தில் ஒரே ஓர் அளவு. வண்டியைத் தூக்கிப் பின்சக்கரம் தொங்கும்போது, ஆக்சிலிலிருந்து (சக்கர அச்சு) நேர் மேலே சீட்டுக்குக் கீழுள்ள ஒரு புள்ளி வரை டேப்பால் அளவெடுங்கள். பிறகு பூட்ஸ், பை எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம், பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும்; 170 மில்லிமீட்டர் அசைவு என்றால் 50க்கும் 57க்கும் நடுவே. அதிகமாக இறங்கினால் ஸ்பிரிங்கை இறுக்குங்கள். முழுக்க இறுக்கியும் இறங்கினால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது.

எந்த வண்டி?

என் கருத்து, அவ்வளவுதான். முதல் டர்ட் பைக்காக ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் வாங்கி ஓடையில் தவித்தவர்களுக்கு (411 சுமார் 199 கிலோ, 450 சுமார் 196) எக்ஸ்பல்ஸ் 200 4வி நல்ல இறக்கம். ஏறக்குறைய 160 கிலோ. உதிரிப்பாகம் தருமபுரியிலேயே கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். 2019இல் முதல் எக்ஸ்பல்ஸ் வந்ததிலிருந்து ஓடுவதால் பழைய வண்டிகளும் நிறைய.

ஏற்கெனவே எக்ஸ்பல்ஸ் வைத்திருப்பவர் அடுத்துப் பார்க்க வேண்டியது கவாசாகி கேஎல்எக்ஸ் 230. 139 கிலோ, இந்த இருபது கிலோ வித்தியாசம் முதல் பாறையிலேயே தெரியும். சீட் 880 மில்லிமீட்டர் என்பதை மறக்காதீர்கள். டேங்க் 7.6 லிட்டர்தான், நாள் பயணத்துக்குக் கணக்குப் போட்டுப் போங்கள். அதே பெயரில் ‘ஆர்’ என்ற எழுத்து சேர்ந்து வரும் மாடலுக்குப் பதிவு எண் கிடையாது. தோப்புக்கு எடுத்துப் போக வேண்டுமானால் குட்டி யானை பிடித்து ஏற்ற வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கி, வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் உண்டு.

2025இல் வந்த கேடிஎம் 390 எண்டியூரோ ஆர் நல்ல வண்டி. 860 மில்லிமீட்டர் சீட், சரியான சக்கரங்கள். ஆனால் எஞ்சினின் உயிர் மேலே இருக்கிறது, வேகமாகச் சுற்றும்போதுதான் அது நன்றாக இழுக்கும். கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் பறந்து போய், அகலமான மண் பாதையில் விரட்டுகிறவருக்கு அது. கல் ஓடையில் கற்றுக்கொள்கிறவருக்கு இன்னும் இரண்டு வருடம் கழித்து.

பழைய வண்டி வாங்கும் அன்று

காலையிலேயே போங்கள். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று முந்தின நாளே சொல்லுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்.

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். ஃபில்டர் அழுக்காக இருப்பது பரவாயில்லை. ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் செம்மண் ஒட்டினால், விரலைத் துடைத்துக்கொண்டு, வண்டியை வாங்காமல் வந்துவிடுங்கள். அந்தத் தூசி சிலிண்டருக்குள் போயிருக்கிறது. நான் வாங்கிய இரண்டாவது வண்டியில் இதைப் பார்க்கத் தவறினேன். விற்றவர் பளபளவென்று கழுவி வைத்திருந்தார். இரண்டே மாதத்தில் புகை. பிஸ்டன், ரிங், போர் வேலை என்று போன பணத்தில் நல்ல பூட்ஸ் வாங்கியிருக்கலாம்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புங்கள். நடுவில் ‘டக்’ என்று பள்ளத்தில் விழுவது போலிருந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஆட்டம் தெரியக் கூடாது. கம்பிகளை ஒரு ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கம்பி ‘டிங்’ என்னும், தளர்ந்தது ‘டப்’ என்னும். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கோடு, கால் வைக்கும் கட்டையின் வெல்டிங்கில் விரிசல், சட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இவற்றைத் தேடுங்கள். கீறலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கீறல் இல்லாத டர்ட் பைக்தான் சந்தேகம். ஓட்டிப் பார்க்கும்போது மேல் கியரில் மெதுவாகப் போய்ச் சட்டென்று முறுக்குங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் செலவு உண்டு, அதை விலையில் கழியுங்கள்.

காகித வேலையில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல். நல்ல பழைய வண்டிகள் பெங்களூரில் குவிந்து கிடக்கின்றன; ஓசூரைத் தாண்டினால் கேஏ நம்பர். விலையும் குறைவாகத் தெரியும். ஆனால் அங்குள்ள ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், பெயர் மாற்றத்துக்கு 29, 30, கடன் இருந்திருந்தால் வங்கியின் 35. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு கட்டாயம். வாழ்நாள் வரியை இங்கே மறுபடி கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அது உடனே கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். இந்த அலைச்சலுக்கும் வரிக்கும் சேர்த்துப் பார்த்தால் டிஎன் 24 (கிருஷ்ணகிரி), 29 (தருமபுரி), 70 (ஓசூர்) வண்டிகளே சில சமயம் மலிவு. எந்த நம்பராக இருந்தாலும் சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு உங்கள் கண்ணால் ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு

வண்டி விலையில் ஒரு பகுதியை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்: முழங்காலைத் தாங்கும் கார்டு, கணுக்காலைத் தாண்டும் பூட்ஸ், பேஷ் பிளேட், உள்ளே உலோகம் வைத்த ஹேண்ட் கார்டு. பூட்ஸ்தான் முதல். கிளட்ச், பிரேக் லிவர்களின் பிடிப்பானை முழுதாக முறுக்காமல், கையால் அழுத்தித் திருப்பினால் நகரும் அளவுக்கு விடுங்கள். விழும்போது லிவர் ஒடியாமல் சுழன்று கொடுக்கும். சைலன்சரை மட்டும் மாற்றாதீர்கள். சட்டப்படி குற்றம், அதோடு ஒரு தோட்டக்காரருக்கு எரிச்சல் வந்தால் அந்த ஊர்ப் பாதையே உங்களுக்கு அடைபடும்.

எங்கே ஓட்டுவது என்பது எதை வாங்குவது என்பதைவிடப் பெரிய கேள்வி. அஞ்செட்டி, உரிகம், தளி, பென்னாகரம் காடுகளைப் படத்தில் பார்த்தால் கை ஊறும். அங்கே வடக்கு காவிரி வனவிலங்கு சரணாலயம் 2014இலும் தெற்கு காவிரி சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. சரணாலயமாக இல்லாவிட்டாலும் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியோடு நுழைவது குற்றம். கேழ்வரகு விளையும் பருவத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைகள் தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பகுதிக்கு இறங்கி வரும். ஒத்தையடிப் பாதையின் வளைவில் யானையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புவதற்கு எந்த ஸ்ப்ராக்கெட்டும் உதவாது.

பட்டா நிலத்துக் கரடு, தோப்பு ஓரம், வறண்ட ஓடை இவை போதும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், விதைப்புக் காலத்தில் போகாதீர்கள், ஆடு மேய்ப்பவரைக் கண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு நில்லுங்கள். புளியந்தோப்பு நண்பர் எனக்கு வைத்த வாடகை, மாதம் ஒருமுறை அவருடைய எக்ஸ்எல்லுக்கு ஆயில் மாற்றித் தருவது.

முதல் மாதம் ஒரே ஓடை, ஒரே இருபது மீட்டர். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். கரட்டில் ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) அணைத்து வைத்திருந்தால், தார் ரோட்டுக்குத் திரும்பும் முன் போடுங்கள். காற்றையும் ரோட்டு அளவுக்கு ஏற்றிவிடுங்கள். இருக்கிற கைப்பம்பில் ஒரு டயருக்கு எனக்கு எண்பது அடிக்கு மேல் ஆகிறது.